ஒட்டுறவு அட்டவணை காரணிப் பகுப்பாய்வுக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாநிரல் திரும்பி வந்துவிட்டது, தரவும் கணினியில் ஏறிவிட்டது. அடுத்து காரணிப் பகுப்பாய்வு: பல வினாக்களின் விடைகளுக்குப் பின்னால் இருக்கும் சில பொதுக் காரணிகளைத் தேடும் முறை. "கே.எம்.ஓ 0.6-க்கு மேல், பார்ட்லெட் 0.05-க்குக் கீழ், ஆகவே தரவு தகுதியானது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. கே.எம்.ஓ, பார்ட்லெட் இரண்டும் ஒட்டுறவு அட்டவணை இந்தப் பகுப்பாய்வுக்குத் தகுமா என்று பார்க்கும் சோதனைகள். அந்த ஒரு வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளுக்கும் அடி.

சொற்களைப் பற்றி: வினாநிரலின் ஒவ்வொரு வினாவும் ஒரு மாறி. இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று −1 முதல் 1 வரை சொல்லும் எண் ஒட்டுறவு; பேச்சில் கோரிலேஷன், இலங்கையில் இணைபு. பகுதி ஒட்டுறவு என்றால் பார்ஷியல் கோரிலேஷன், அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட்: அட்டவணை முழுவதையும் சுருக்கும் ஒற்றை எண், உறவே இல்லாவிட்டால் 1, உறவுகள் வலுக்க வலுக்க 0-ஐ நெருங்கும்.

முதலில் எந்தச் சோதனையைப் போட வேண்டும்?

எதையும் போட வேண்டாம். ஒட்டுறவு அட்டவணையை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். 20 மாறிகள் என்றால் 190 இணைகள். கால் மணி நேர வேலை.

மூன்றைத் தேடுங்கள். குறி எதுவானாலும் 0.3-ஐத் தாண்டும் இணைகளை வட்டமிடுங்கள். வட்டங்கள் ஆங்காங்கே கும்பலாக விழுந்தால் காரணிகள் இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்து, ஒரு வட்டம்கூட விழாத வரிசை இருக்கிறதா? அந்த மாறி எந்தக் காரணியிலும் ஒட்டாது. கடைசியாக, 0.9-ஐ ஒட்டிய இணை உண்டா? ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள், அல்லது தரவில் கோளாறு.

0.3 வேதவாக்கு அல்ல. உண்மையில் உறவே இல்லாத இரண்டு மாறிகளுக்கிடையே 50 பேர் கொண்ட மாதிரியில் 0.28 வரை ஒட்டுறவு வெறும் தற்செயலாகவே வரலாம். 190 இணைகளில் எந்த உறவும் இல்லாவிட்டாலும், 5 சதவீத அளவில் ஒன்பது பத்து இணைகள் நட்சத்திரக் குறியோடுதான் (தற்செயல் அல்ல என்று மென்பொருள் இடும் குறி) வரும். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், எண்ணின் அளவைப் பாருங்கள்.

பார்ட்லெட் சோதனை உண்மையில் எதைக் கேட்கிறது?

மிகச் சிறிய கேள்வி ஒன்றை. "இந்த மாறிகள் ஒன்றோடொன்று துளியும் உறவில்லாதவையா?" அதாவது அட்டவணையின் மூலைவிட்டத்தில் 1, மற்ற எல்லா இடத்திலும் 0 என்பது இன்மை எடுகோள். அந்த எடுகோள் உண்மையானால் இப்படிப்பட்ட தரவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. அது சிறியதாக வந்தால் எடுகோள் விழுகிறது. அவ்வளவுதான்.

கணக்கு இது. மாதிரி எண்ணிக்கையிலிருந்து 1-ஐக் கழியுங்கள். மாறிகளின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி, 5 கூட்டி, 6-ஆல் வகுத்து வருவதையும் அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சியதை அணிக்கோவையின் இயல் மடக்கையால் பெருக்கி, குறியை மாற்றினால் கை-வர்க்க மதிப்பு. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பது இணைகளின் எண்ணிக்கையேதான்: 10 மாறிக்கு 45, 20 மாறிக்கு 190.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் பி மதிப்பை .000 என்று காட்டும். அதை அப்படியே எழுதாமல் "0.001-க்குக் கீழ்" என்று எழுதுங்கள்.

கே.எம்.ஓ?

கெய்சர், மேயர், ஓல்கின் மூவரின் முதலெழுத்துகள். இதன் பின்னால் உள்ள எண்ணம் அழகானது. பல மாறிகள் ஒரு பொதுக் காரணியால் இயங்குகின்றன என்றால், எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றின் உறவை மற்ற மாறிகளைக் கொண்டே பெரும்பாலும் விளக்கிவிடலாம். மற்றவற்றின் பங்கைக் கழித்தபின் எஞ்சும் பகுதி ஒட்டுறவு சிறிதாக இருக்கும். கழித்தபின்னும் பெரிதாக எஞ்சினால், அது அந்த இரண்டு மாறிகளுக்கு மட்டுமான தனி உறவு.

எனவே: ஒட்டுறவுகளின் வர்க்கக் கூட்டுத்தொகை ஒன்று, பகுதி ஒட்டுறவுகளின் வர்க்கக் கூட்டுத்தொகை இன்னொன்று. முதலாவதை, இரண்டின் கூட்டலால் வகுத்தால் கே.எம்.ஓ.

0.9-க்கு மேல் மார்வலஸ் (அற்புதம்), 0.8-களில் மெரிட்டோரியஸ் (பாராட்டத்தக்கது), 0.7-களில் மிட்லிங் (நடுத்தரம்), 0.6-களில் மீடியோக்கர் (சுமார்), 0.5-களில் மிசரபிள் (படுமோசம்), அதற்குக் கீழ் ஏற்கத்தகாதது என்று 1974-இல் பட்டம் கட்டியவர் கெய்சர். கடைசியைத் தவிர எல்லாப் பட்டமும் 'ம'வில் தொடங்குவதைக் கவனியுங்கள். மோனைக்காகத் தேர்ந்த சொற்கள் ஆய்வேடுகளில் சட்டப் பிரிவுபோல மேற்கோள் காட்டப்படுவது ஒரு வேடிக்கைதான்.

கையால் ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். காரணிப் பகுப்பாய்வின் பிறப்பிடத்திலிருந்தே எண்களை எடுப்போம். சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904-இல் வெளியிட்ட, 33 பள்ளி மாணவர்களின் அட்டவணை. அதில் மூன்று பாடங்கள் மட்டும்: செவ்வியல் மொழிகள்–பிரெஞ்சு 0.83, செவ்வியல்–ஆங்கிலம் 0.78, பிரெஞ்சு–ஆங்கிலம் 0.67.

வர்க்கங்கள்: 0.6889 + 0.6084 + 0.4489 = 1.7462.

இனி பகுதி ஒட்டுறவு. செவ்வியலுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே ஆங்கிலத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். மேலே 0.83 − (0.78 × 0.67) = 0.3074. கீழே (1 − 0.6084) × (1 − 0.4489) என்பதன் வர்க்கமூலம் = 0.4646. வகுத்தால் 0.66. இதே வழியில் செவ்வியல்–ஆங்கிலம் 0.54, பிரெஞ்சு–ஆங்கிலம் 0.06. கடைசி எண்ணில் நின்று பாருங்கள். 0.67 இருந்த உறவு செவ்வியலைக் கழித்ததும் கரைந்தேபோய்விட்டது.

பகுதி ஒட்டுறவுகளின் வர்க்கக் கூட்டு 0.734. ஆக கே.எம்.ஓ = 1.746 ÷ (1.746 + 0.734) = 0.70.

அணிக்கோவை: 1 + 2 × 0.83 × 0.78 × 0.67 − 1.7462 = 0.1213. அதன் இயல் மடக்கை −2.109. பார்ட்லெட்டுக்கு 32 − 11/6 = 30.17, பெருக்கினால் 63.6. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3, பி மதிப்பு 0.001-க்கு வெகு கீழே.

மூன்றுக்கு மேல் மாறிகள் வந்தால் கைக்கணக்கு ஆகாது. ஒட்டுறவு அணியின் நேர்மாறு அணியைக் கண்டு, அதன் ஒவ்வொரு உறுப்பையும் உரிய இரண்டு மூலைவிட்ட உறுப்புகளின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் வகுத்துக் குறியை மாற்றினால் பகுதி ஒட்டுறவு வரும். மென்பொருள் உள்ளே செய்வது இதைத்தான்.

இரண்டு சோதனையும் தேறிவிட்டது. இனி தொடரலாம்தானே?

தொடருமுன் இதைப் பாருங்கள். 10 மாறிகள், எல்லா இணைக்கும் ஒட்டுறவு வெறும் 0.05, மாதிரி 1000 பேர். அட்டவணையில் உருப்படியாக ஒன்றும் இல்லை என்று கண்ணிருந்தால் தெரியும். ஆனால் அணிக்கோவை 0.914, கை-வர்க்கம் 89.6, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 45, பி மதிப்பு 0.001-க்குக் கீழ். பார்ட்லெட் தேறிவிட்டது.

சரி, கே.எம்.ஓ பிடித்துவிடுமா? ஒவ்வொரு பகுதி ஒட்டுறவும் 0.05 ÷ 1.4 = 0.036. கே.எம்.ஓ = 0.66. அதுவும் தேறிவிட்டது! "0.6-க்கு மேல்" என்ற வரியை மனசாட்சி உறுத்தாமல் எழுதலாம். பிறகு காரணியைப் பிரித்தால் முதல் ஐகன் மதிப்பு (அந்தக் காரணி திரட்டும் மாறுபாட்டின் அளவு) 1.45, மொத்த மாறுபாட்டில் 14.5 சதவீதம். அதற்கு ஒரு பெயர் சூட்டி, மூன்று பக்கம் விளக்கமும் எழுத ஆள் இருப்பார்கள்.

கே.எம்.ஓ ஒட்டுறவின் அளவைப் பார்ப்பதில்லை. ஒட்டுறவுக்கும் பகுதி ஒட்டுறவுக்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்க்கிறது. பார்ட்லெட்டோ, போதிய ஆட்களைத் திரட்டினால் எதற்கும் தலையாட்டும். பார்ட்லெட் தேறாவிட்டால் அது செய்தி. தேறினால் செய்தியே அல்ல.

ஐந்து வினா உள்ள அளவுகோலுக்கு 0.7, இருபது வினா உள்ளதற்கு 0.95. இரண்டாவது மேலானதா?

அப்படிச் சொல்ல முடியாது. எல்லா இணைக்கும் ஒட்டுறவு 0.3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3 மாறிக்கு கே.எம்.ஓ 0.63. 10 மாறிக்கு 0.92. 20 மாறிக்கு 0.98. உறவின் வலு மாறவில்லை. மாறிகளின் எண்ணிக்கை மட்டுமே கூடியது. கெய்சரின் பட்டங்களை வைத்து இரண்டு வினாநிரல்களை ஒப்பிடாதீர்கள்.

இரண்டே மாறிகளுக்கு எப்போதும் 0.5-தான் வரும். கழிக்க மூன்றாவது மாறி இல்லை, அதனால் ஒட்டுறவும் பகுதி ஒட்டுறவும் ஒன்றே.

மொத்த கே.எம்.ஓ சரி. தனித்தனி மாறிக்கும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மொத்த எண் சராசரிபோல. ஒரு கெட்ட மாறி அதற்குள் ஒளிந்துகொள்ளும். எஸ்பிஎஸ்எஸில் விவரணைப் பெட்டியில் ஆன்டி-இமேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு அடுக்காக ஒரு பெரிய அட்டவணை வரும். மேல் அடுக்கை விடுங்கள். கீழ் அடுக்கின் மூலைவிட்டத்தில், சிறிய எழுத்துக் குறியோடு இருப்பவைதான் ஒவ்வொரு மாறியின் எம்.எஸ்.ஏ, அதாவது அந்த மாறிக்கு மட்டுமான கே.எம்.ஓ. மற்ற இடங்களில் இருப்பவை குறி மாறிய பகுதி ஒட்டுறவுகள். ஸ்பியர்மன் எடுத்துக்காட்டில் செவ்வியல்–பிரெஞ்சு இடத்தில் −0.66 என்று இருக்கும். மூலைவிட்டத்தில் செவ்வியல் 0.64, பிரெஞ்சு 0.72, ஆங்கிலம் 0.78.

0.5-க்குக் கீழே ஐந்து மாறிகள் இருந்தால் ஐந்தையும் ஒரே வீச்சில் தூக்காதீர்கள். மிகக் குறைந்ததை மட்டும் நீக்கி, மறுபடி ஓட்டுங்கள். ஒன்று போனதும் மற்றவற்றின் பகுதி ஒட்டுறவுகள் எல்லாமே மாறும், நேற்று 0.46 காட்டியது இன்று 0.6 காட்டலாம்.

நீக்குமுன் காரணத்தையும் பாருங்கள். எம்.எஸ்.ஏ விழுவதற்குப் பெரும்பாலும் இரட்டையர்தான் காரணம். "என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது", "என் வேலையை நான் விரும்புகிறேன்" என்று இரண்டு வினா இருந்தால் அவற்றுக்குள் 0.85, மற்றவற்றோடு 0.1 என்று வரும். ஒன்றை நீக்கினால் போதும். இரண்டையும் நீக்கத் தேவையில்லை.

அணிக்கோவை 0.00001-க்குக் கீழே போய்விட்டது. மாறிகளை வெட்ட வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். அந்த எல்லை பாடநூல்களில் அடிக்கடி தென்படும். ஆனால் மாறிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காத எல்லை அது. 25 வினாக்கள், எல்லா இணைக்கும் 0.5 என்ற ஆரோக்கியமான ஒட்டுறவு. அணிக்கோவை ஏறத்தாழ 0.0000008. எல்லையைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் சிறியது. தரவிலோ ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பதில், ஒவ்வொரு மாறியையும் மற்ற எல்லாவற்றையும் கொண்டு கணிக்கும்போது கிடைக்கும் ஆர்-வர்க்கத்தைப் பாருங்கள். நேர்மாறு அணியின் மூலைவிட்ட உறுப்பால் 1-ஐ வகுத்து, அதை 1-லிருந்து கழித்தால் அது கிடைக்கும். 0.9-ஐத் தாண்டிய மாறி எது என்று அது விரல் நீட்டிக் காட்டும். அணிக்கோவை "எங்கோ கோளாறு" என்று மட்டும்தான் சொல்லும்.

கே.எம்.ஓ பெட்டியே வரவில்லை. அணி நேர்மறை அறுதியானது அல்ல என்று எச்சரிக்கை வருகிறது.

நேர்மாறு அணி காண முடியவில்லை, அல்லது ஏதோ ஓர் ஐகன் மதிப்பு எதிர்மறையாகிவிட்டது என்று பொருள். ஆர் என்ற புள்ளியியல் மொழியின் சைக் தொகுப்பில் இது இன்னும் ஆபத்தாக வரும். ஒரு செய்தி ஓடிவிட்டு, எல்லா மாறிக்கும் சரியாக 0.5 என்று விடை வந்துவிடும். வரிசையாக 0.5, 0.5, 0.5 கண்டால் அது விடை அல்ல, விபத்து.

காரணங்களை எளிதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். வினாக்களோடு சேர்த்து அவற்றின் மொத்த மதிப்பெண்ணையும் மாறியாகப் போட்டிருக்கலாம்; ஒரே மாறி இரண்டு பெயரில் நுழைந்திருக்கலாம்; மாறிகளைவிட ஆட்கள் குறைவாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் விடுபட்ட விடைகளைப் பாருங்கள். 25 வினா, ஒவ்வொன்றிலும் 3 சதவீதம் பேர் அங்குமிங்குமாக விடையளிக்கவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் விடையளித்தவர்கள் சுமார் 47 சதவீதம்தான் மிஞ்சுவார்கள். எஸ்பிஎஸ்எஸின் இயல்பு அமைப்பு மற்றவர்களை வெளியே தள்ளிவிடும். 300 பேர் 140 ஆனதைக் கண்டு பதறி, இணைவாரியாகக் கணக்கிடும் வாய்ப்பை அழுத்துவார்கள். அப்போது ஒவ்வோர் ஒட்டுறவும் வேறுவேறு ஆட்களிடமிருந்து வரும். முதல் மாறிக்கும் இரண்டாவதற்கும் 0.9, முதலுக்கும் மூன்றாவதற்கும் 0.9 என்றால், இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே கூட்டத்தில் 0.62-க்குக் கீழே போகவே முடியாது. இணைவாரியாகப் போட்டால் 0.3 என்றுகூட வரும், அணிக்கோவை −0.224. உலகில் இல்லாத கூட்டத்தின் அட்டவணை அது. விடுபட்டவற்றை மற்ற விடைகளைக் கொண்டு மதிப்பிடும் ஈ.எம். முறையிலோ பன்முறை நிரப்பல் வழியிலோ ஒட்டுறவைக் கணக்கிடுவதே சரி.

எல்லா ஒட்டுறவும் 0.9-க்கு மேல். இவ்வளவு நல்ல தரவா?

விடுபட்ட விடைக்கு 99 என்று பதிந்தீர்களா? அதை விடுபட்டது என்று மென்பொருளுக்கு அறிவித்தீர்களா?

200 பேர். 1 முதல் 5 வரை விடை. சராசரி 3, மாறுபாடு 1. இரண்டு வினாவுக்கும் உண்மையில் உறவே இல்லை. மூன்றே பேர் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு வினாவிலும் 99. ஒட்டுறவு 0.99! அட்டவணையைத் திறக்குமுன் ஒவ்வொரு மாறிக்கும் சிறும மதிப்பு, பெரும மதிப்பு பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

இன்னொரு வகை: முதலிலிருந்து கடைசிவரை 4, 4, 4 என்று இழுத்துவிட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் விடைகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, 0 வந்தவர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். இவர்கள் பெரும்பாலும் கே.எம்.ஓவை ஏற்றிவிடுவார்கள், இறக்கமாட்டார்கள்.

எதிர்மறை வினாக்களை மாற்றிப் பதிய மறந்துவிட்டேன். கே.எம்.ஓ காட்டிக்கொடுத்திருக்குமா?

காட்டிக்கொடுக்காது. எல்லாமே வர்க்கம்; குறி மாறினால் கே.எம்.ஓ, அணிக்கோவை, பார்ட்லெட் எதுவும் இம்மியும் நகராது. பென்சிலோடு அட்டவணையைப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

ஐந்து படி லைக்கர்ட் விடைக்கு (முற்றிலும் மறுக்கிறேன் முதல் முற்றிலும் ஏற்கிறேன் வரை) சாதாரண ஒட்டுறவு சரியா?

ஐந்து படியும் ஓரளவு நிரம்பி, விடைகள் ஒரு மூலையில் குவியாமல் இருந்தால் பியர்சன் ஒட்டுறவு, அதாவது இந்தச் சாதாரண ஒட்டுறவு, பெரிய பிழை செய்யாது. ஆம்/இல்லை விடைகளுக்கும், பெரும்பாலோர் ஒரே படியில் குவிந்த விடைகளுக்கும் அது உறவைக் குறைத்தே காட்டும். ஒரே மாதிரிச் சாய்ந்த வினாக்கள் பொருள் ஒற்றுமை இல்லாமலே ஒரு காரணியாகத் திரண்டுவிடும். அங்கே, படிகளுக்குப் பின்னால் தொடர்ச்சியான அளவு ஒன்று இருப்பதாகக் கொண்டு கணக்கிடும் பாலிகோரிக் ஒட்டுறவு நல்லது. ஆனால் அந்த அட்டவணைக்குப் பார்ட்லெட்டைப் போடாதீர்கள். அதன் கணக்கு இயல்நிலைப் பரவலும் பியர்சன் ஒட்டுறவும் உள்ள தரவுக்கானது. இரண்டு வினாவின் குறுக்கு அட்டவணையில் காலிக் கட்டங்கள் இருந்தால் பாலிகோரிக் எண்கள் தடுமாறும். "முற்றிலும் மறுக்கிறேன்" படியில் 200-க்கு இருவர் மட்டும் என்றால், அதை அடுத்த படியோடு சேர்த்துவிடலாம்.

எத்தனை பேர் வேண்டும்?

"வினாவுக்குப் பத்துப் பேர்" வாய்ப்பாடு எளிது, நம்பகம் குறைவு. ஒவ்வொரு காரணிக்கும் நாலைந்து வலுவான வினா இருந்தால் 150 பேரே போதலாம். வினாக்கள் மற்றவற்றோடு பகிரும் மாறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 400-உம் தள்ளாடும்.

ஆண்–பெண், நகரம்–கிராமம் எனச் சராசரியில் பெரிதும் வேறுபடும் குழுக்களைக் கலந்தால், குழு வேறுபாடே காரணியாக வேடமிடும். ஒருமுறை தனித்தனி அட்டவணை போட்டுப் பாருங்கள்.

மூலத் தரவு இல்லை, வெளியான அட்டவணை மட்டும் உள்ளது. சோதிக்கலாமா?

கே.எம்.ஓவுக்கு அட்டவணையே போதும். பார்ட்லெட்டுக்கு ஆட்களின் எண்ணிக்கை வேண்டும். சைக் தொகுப்பில் எண்ணிக்கையைக் கொடுக்க மறந்தால் அது 100 என்று தானே வைத்துக்கொண்டு கணக்கிட்டுவிடும். எச்சரிக்கை வரியைத் தவறவிட்டால் தவறான விடையோடுதான் வெளியே வருவீர்கள்.

என் கணக்கு முறை சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஆர் மொழியின் லாவான் தொகுப்போடு வரும் ஹோல்சிங்கர்–ஸ்வைன்ஃபோர்டு தரவு. 1939-இல் வெளியானது, இரண்டு பள்ளிகள், 301 மாணவர்கள். அதன் ஒன்பது தேர்வுகளுக்கு அணிக்கோவை 0.047, பார்ட்லெட் 904.1, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 36, கே.எம்.ஓ 0.75 வர வேண்டும்.

உறுதிசெய் காரணிப் பகுப்பாய்வுக்கும் (முன்பே வகுத்த காரணி அமைப்பு தரவுக்குப் பொருந்துகிறதா என்று சோதிப்பது) இவை தேவையா?

கே.எம்.ஓ வழக்கத்தில் இல்லை. அணி நேர்மறை அறுதியானதா, 99 எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பவை அங்கும் தேவை.

ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

ஸ்பியர்மன் எடுத்துக்காட்டையே எழுதினால் இப்படி வரும்: "மூன்று மாறிகளுக்கிடையேயான ஒட்டுறவுகள் 0.67 முதல் 0.83 வரை இருந்தன. மொத்த கே.எம்.ஓ 0.70, தனி மாறிகளுக்கு 0.64 முதல் 0.78 வரை. பார்ட்லெட் கை-வர்க்கம் 63.6, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3, பி மதிப்பு 0.001-க்குக் கீழ். மாதிரி 33." ஒட்டுறவு எந்த வகை, விடுபட்ட விடைகளை என்ன செய்தீர்கள், எந்த மாறியை எந்த வரிசையில் ஏன் நீக்கினீர்கள் என்பதையும் சேருங்கள். இடம் இருந்தால் முழு அட்டவணையையும் பின்னிணைப்பில் போடுங்கள். இரண்டு தசமம் போதாது, மூன்று வேண்டும். இரண்டோடு நிறுத்தினால், மாறிகள் நெருங்கிய உறவுள்ளவையாக இருக்கும்போது, முழுமையாக்கிய பிழையே அணியைக் கெடுத்துவிடும். மறுபடி போட்டுப் பார்ப்பவருக்கு உங்கள் விடை வராது.